திரும்பிப் போகும் சம்மாட்டி

எவ்வளவு கஷ்டமான கேள்வியைக் கேட்டாலும் பதில் சொல்வதற்கென்றே பிறந்தவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். "எங்கே போறே?" என்று கேட்டதும் திரும்பி அறைக்கு நடையைக் கட்டிய ஒரே ஆள் சம்மாட்டிதான். அந்த ஒரு கேள்வியால் ஒரு வருடப் படிப்பைக் கோட்டைவிடப் பார்த்தவனும் உலகத்தில் அவன் ஒருவனாகத்தான் இருக்கும்.

சென்னையில் இருக்கும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் போதும், பெண் வீட்டார் வரிசையில் நிற்பார்கள். உள்ளே நுழைந்தவன் மட்டும் முதலில் பாஷை படிக்க வேண்டும். உயிரைக் கொடுத்துப் படித்தால் 'ஃபைட் போடுறான்'. புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கினால் 'பீஸ்'. சம்பந்தமில்லாமல் எதைப் பேசினாலும் 'ஆர்பிட்'. ராமநாதபுரத்திலிருந்து போன நான், பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த மாதிரி வாயைப் பிளந்து கேட்டு, ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் உருப்போட்டேன். ராமேஸ்வரத்துக்காரனான சம்மாட்டி அந்தச் சிரமம் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாளே ஒரு சீனியர் அவனை விசாரித்தார்.

"உங்கப்பா என்ன பண்றார்?"

"மீன்பிடி போட்டு டிரைவரு."

"சொந்த போட்டா?"

"இல்லண்ணே, அது சம்மாட்டியோடது. போட்டு வச்சிருக்கவகளுக்கு எங்கூர்ல அதான் பேரு."

லுங்கியை மடித்துக் கட்டி அவன் நின்ற தோரணையைப் பார்த்த சீனியர், "இனிமே நீதான்டா சம்மாட்டி" என்று அங்கேயே பெயர் வைத்துவிட்டார். சொந்தமாக ஒரு துடுப்புகூட இல்லாத சம்மாட்டி.

அதன் பிறகு அவன் பாஷைதான் ஹாஸ்டலில் ஓடியது. மார்க் வந்தால் "பாடு எப்படி?" என்பான். பாடு என்றால் வலையில் விழுந்த மீன். முட்டை மார்க் வாங்கினால் 'வெறும் மடி', அதாவது வலையின் பை காலி. எப்போதும் சீறிக்கொண்டே வகுப்பெடுத்த பேராசிரியர் ஒருவருக்கு, கடலைக் கலக்கிப்போடும் காற்றின் பெயரால் 'கச்சான்' என்று நாமகரணம் செய்தான். "இன்னைக்குக் கச்சான் பலமா அடிக்குது, ஒதுங்கிருவோம்" என்றால் அன்றைக்கு வகுப்புக்கு மட்டம் என்று பொருள். ஒரே செமஸ்டரில் டெல்லிப் பையன்கள்கூட மெஸ் வாசலில் நின்று "மச்சி, பாடு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இனி வியாதிக்கு வருகிறேன். வெளியே கிளம்புகிறவனை 'எங்கே போறே' என்று கேட்கக்கூடாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். கேட்டால் முகத்தைச் சுளிப்போம், போய்க்கொண்டே இருப்போம். சம்மாட்டி அப்படியில்லை. அறைக்குத் திரும்பி, கட்டிலில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து கிளம்புவான். ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு நல்ல தூரம். வழியெல்லாம் தமிழர்கள். எங்கே போகிறாய் என்று கேட்காமல் தமிழன் வேறு எப்படிக் குசலம் விசாரிப்பான்? வாட்ச்மேன் கேட்பார், திரும்புவான். ஜெராக்ஸ் கடை அக்கா கேட்பார், திரும்புவான். ஒருநாள் துண்டால் முக்காடு போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தான். "யாரு, சம்மாட்டியா? முக்காடெல்லாம் போட்டுக்கிட்டு எங்கப்பா போறே?" என்றார் வாட்ச்மேன்.

இதில் விசித்திரம், சில நாட்களில் பத்துப் பேர் கேட்டாலும் "உங்க வீட்டுக்குத்தான் மாப்ளே, விருந்துக்கு" என்று சிரித்துக்கொண்டே போவான். எந்த நாள் திரும்புவான், எந்த நாள் சிரிப்பான் என்பது மட்டும் கணக்கில் புலிகளான எங்கள் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

கடைசியில் கச்சானின் பாடத்திலேயே வருகை குறைந்து, பரீட்சை எழுத முடியாது என்று அறிவித்துவிட்டார்கள். எழுதாவிட்டால் ஒரு வருடம் போகும். கூடவே உதவித்தொகையும் போகும். உதவித்தொகை போனால் படிப்பே போகும். மன்னிப்புக் கேட்பதற்கான கடைசி நாளில் நான் துணைக்குப் போனேன். வழியில் யாரும் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, ஒருவழியாகக் கச்சானின் அறை வரைக்கும் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டேன். எதிரே வந்த கச்சான் அவனை ஏற இறங்கப் பார்த்து, "எங்கேப்பா போறே?" என்றார்.

சம்மாட்டி திரும்பி நடந்தான்.

"என்னய்யா, என்னைப் பார்த்ததும் ஓடறான்?"

"ஓடலை சார். தண்ணி குடிக்கப் போறான்."

"இங்கேயே தண்ணி இருக்கே!"

அவன் மூச்சிரைக்க மறுபடி வந்து சேரும்வரை, கச்சானும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வந்தவன் விஷயத்தைச் சொன்னதும் கச்சான் சீறினார். "இன்ஜினியரிங் படிக்கிறவன் நீ. இதையெல்லாம் நம்பறியா?"

"நம்பலை சார். ஆனா கேட்டுட்டா கால் நகர மாட்டேங்குது. எங்கய்யா கடலுக்குப் போற நாளு மட்டுந்தான் இப்பிடி."

"அவர் கடலுக்குப் போனா, உன்னை இங்கே கேட்டா என்ன?"

சம்மாட்டி தரையைப் பார்த்தான். "பிளஸ் டூ படிக்கையில, கடலுக்குக் கிளம்பின அய்யாவ விளையாட்டுக்கு 'எங்கன போறீக'ன்னு கேட்டுட்டேன் சார். அன்னைக்குத்தான் எல்லை தாண்டிட்டாகன்னு இலங்கை நேவிக்காரங்க போட்டோட பிடிச்சிட்டுப் போனாங்க. அய்யா வீடு வந்து சேர மாசக்கணக்காச்சு. நான் இதையே நெனச்சுக்கிட்டு இருக்கது அவகளுக்குத் தெரியாது."

கச்சான் அடித்து ஓய்ந்தது. பிறகு, "அட்டெண்டன்ஸை நான் பாத்துக்கறேன். ஆனா ஸ்டடி லீவுல ஊருக்குப் போய் இதை உங்கப்பாகிட்ட சொல்லு. சொல்லலைன்னா பரீட்சை கிடையாது" என்றார். "நீ அந்தப் பக்கத்து ஆள்தானே? கூடப் போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்று என்னையும் கோத்துவிட்டார்.

லீவு விட்டு ராமேஸ்வரம் போன பிறகும் அவன் அய்யாவிடம் வாயைத் திறக்கவே இல்லை. அய்யா கடலுக்குக் கிளம்பிய நாள் காலையில், துறைமுகத்தில் வைத்து நான் முதுகில் ஒரு குத்து விட்ட பிறகுதான் ஒரே மூச்சில் கொட்டினான். டீசல் கேனோடு நின்ற அய்யா சிரித்துவிட்டார்.

"நீ கேட்டியா? எனக்கு ஞாபகமே இல்லையே! எஞ்சின் நின்னுருச்சு, காத்து எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துட்டுப் போயிருச்சு. அதுக்கு நீ என்னலே பண்ணுவே?"

மகன் தலை நிமிரவில்லை. அய்யா கேனைக் கீழே வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சரி, இப்பக் கேளு."

"வேணாங்கய்யா."

"கேளுலே. கேட்டாத்தான் போட்ல ஏறுவேன்."

பக்கத்துப் போட்டுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. "டிரைவரே, நேரமாச்சு!" என்று உள்ளிருந்து கத்தினார்கள். அவர் அசையவில்லை. சம்மாட்டி போட்டைப் பார்த்தான், அய்யாவைப் பார்த்தான்.

"எங்கன... எங்கன போறீகய்யா?"

"கடலுக்குப் போறேன். நாளைக்குக் காலையில வாரேன்" என்று சொல்லி, கேனைத் தூக்கிக்கொண்டு ஏறிப் போய்விட்டார்.

அத்தோடு பரீட்சைக்கு இருந்த தடை நீங்கியது. சாட்சியாக வந்த என் வேலையும் முடிந்தது. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் கொஞ்சமும் நம்பிக்கை கிடையாது. அடுத்த பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் போய், வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குவதாகத்தான் ஏற்பாடு. போக மனம் வரவில்லை. மறுநாள் விடியும்போது சம்மாட்டியோடு கரையில் நின்றுகொண்டிருந்தேன். வரிசையாக வந்த போட்டுகளுக்கு நடுவில் அவன் அய்யாவின் போட்டை முதலில் பார்த்துக் கத்தியது அவனில்லை, நான்தான்.