மைனஸ் அண்ணனும் மேளம் கொட்டிய கீர்த்தனையும்

பண்டாரவளையில் மைனஸ் அண்ணனைப் போலக் கம்பியூட்டரை மரியாதையாக நடத்தியவரும் இல்லை, அவரைப் போல அதனிடம் அவமானப்பட்டவரும் இல்லை. இதை நான் எந்த மேடையிலும் ஏறிச் சொல்வேன். மறுக்க நினைப்பவர்கள் பூனாகலைக்குப் போய், என் கல்யாணத்துக்கு வந்திருந்தவர்களிடம் விசாரித்துவிட்டு வரட்டும்.

அப்போது நான் பண்டாரவளை டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை பார்த்தேன். போட்டோகொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம் எல்லாம் அங்கே நடக்கும். முதலாளியை ஊரே ‘நானா’ என்றுதான் கூப்பிடும். கடையின் பின்பக்கம், லெமினேட்டிங் மெசினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அதில்தான் மைனஸ் அண்ணன். தேயிலைத் தோட்டத்துக் கோயில்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் பாட்டுக்கான பின்னணி இசையைத் தயார் செய்து கொடுப்பது அவர் வேலை.

அவருடைய கம்பியூட்டரில் படம் கிடையாது, பட்டன் கிடையாது. கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து, அவ்வளவுதான். பாட்டைப் போட வேண்டுமென்றாலும் சரி, பாட்டை இன்னொரு விதமான ஃபைலாக மாற்ற வேண்டுமென்றாலும் சரி, கட்டளையை எழுத்தெழுத்தாகத் தட்டுவார். தட்டுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே தட்டுவார். “மைனஸ் ஓ... மைனஸ் டி...” என்று கட்டளைக்குள் வரும் சின்னக் கோட்டைக்கூட விடாமல் நாள் முழுக்க ஓதிக்கொண்டே இருப்பார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெல்லக் கேட்பார்கள்: “ஏம்மா, அந்தக் கம்பியூட்டரு செத்துப்போச்சா?”

நானாவுக்கும் அதில் வருத்தம்தான்.

“தம்பி, மௌஸ் ஒண்டு சும்மாதானே ஈக்கிது? அத ஒருக்கா அமுக்கினா பாட்டு வருமே!”

“அமுக்குனா யாருக்குத்தான் வராது நானா? மரியாதையா கேட்டு வாங்கணும்.”

“கேட்டு வாங்க இதென்ன கோப்ரடிவ் கடையா?”

மைனஸ் அண்ணன் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பிக் கத்துவார்: “பிளேன்டி ஒண்ணு! மைனஸ் சீனி!” பஸ்ஸில் ஏறினாலும் அதே கதைதான். உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டு, “பதுளை ஒண்ணு, மைனஸ் சீட்டு” என்பார். கண்டக்டர்களுக்குப் பழகிவிட்டது.

‘மிடி’ என்று ஒரு வகை ஃபைல். அவர் உயிர் அதில்தான் இருந்தது. இவ்வளவு பெரிய பாட்டு இத்தனை சின்ன ஃபைலுக்குள் எப்படி அடங்குகிறது என்று ஒருநாள் கேட்டேன். நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“தங்கச்சி, இதுக்குள்ள சத்தமே கெடையாது. பெரட்டுக் களத்துல காலையில பேர் கூப்பிட்டு கங்காணி என்ன செய்வாரு? நீ அந்த மலைக்குப் போ, நீ இந்த மலைக்குப் போன்னு ஆளுகளப் பிரிச்சு விடுவாரு. கொழுந்து பறிக்கிறது அவரா? இல்லைல்ல. இந்த ஃபைலு கங்காணி. இப்ப நீ வாசி, இப்ப நீ நிறுத்துன்னு சொல்லும். பியானோ, வயலினு எல்லாம் தனியா ஒரு எடத்துல வரிசையா நிக்கிற ஆளுக. நான் தட்டுற கட்டளைதான் ரெண்டையும் சேத்து வைக்குது.”

“கங்காணி தப்பான ஆளக் கூப்பிட்டுட்டா?”

“மெசின் தப்பே பண்ணாது. நாம சொன்னதைத்தான் செய்யும்.”

சொன்னதைச் செய்யும் என்பதுதான் பிரச்சினையே. அந்த வரிசையில் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஓர் எண் உண்டு. புல்லாங்குழல் இருக்கிறது, எக்காளம் இருக்கிறது, எந்தப் புண்ணியவான் எதற்காகச் சேர்த்தானோ, ஹெலிகொப்டர் சத்தமும் இருக்கிறது. ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நத்தார் நாடகம். மேய்ப்பர்களுக்குத் தேவதூதன் காட்சி கொடுக்கும் நேரத்தில் மெல்லிய புல்லாங்குழல் வர வேண்டும். எண் மாறிவிட்டது. ஹெலிகொப்டர் வந்தது. மேய்ப்பர்கள் கூரையைப் பார்த்தார்கள். தேவதூதன் அழுதான். பள்ளி அபிவிருத்திச் சங்கத்தார், சொல்லாமல் கொள்ளாமல் மந்திரி வந்து இறங்குகிறார் என்று நினைத்து, மாலையைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்கள். வெறும் வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

மைனஸ் அண்ணன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “மெசின் நான் சொன்னதைத்தான் செஞ்சுச்சு” என்று பள்ளி அதிபரிடமே பெருமையாகச் சொன்னார்.

இந்த மனிதரிடம் என் கல்யாணப் பாட்டைக் கொடுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் வேறு வழி இல்லாமல் போயிற்று.

மாப்பிள்ளை ஹல்துமுல்லைக்காரர், வேன் ஓட்டுகிறவர். கல்யாணம் எங்கள் பூனாகலைத் தோட்டத்து வேதக் கோயிலில் என்று முடிவாயிற்று. என் அப்பாவுக்கு வலது முழங்கால் சரியில்லை. மழை நாளில் மலைச்சரிவில் விழுந்ததிலிருந்து காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார். பேச்சுக்கு வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனதோடுதான் அதைச் சொன்னார்.

“சம்பந்தி பாவம், முட்டிய வச்சிக்கிட்டுக் கஷ்டப்படுறாரு. கல்யாணத்தன்னைக்குப் பொண்ணைத் தாய்மாமன் கோயிலுக்குள்ள கூட்டிட்டு வரட்டுமே. எல்லாரும் நிக்கிறப்ப ரொம்ப நேரமாக்குனா நல்லாவா இருக்கும்?”

அப்பா கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.  அவர்கள் போன பிறகு வாசலைப் பார்த்துக்கொண்டே, “எம் மகள நான்தான் கூட்டிக்கிட்டுப் போவேன்” என்று மட்டும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் வெளியே நடமாடுவதே குறைந்துபோனது. யாராவது தன் காலைப் பார்க்கிறார்களா என்று பார்ப்பதே அவர் வேலையாகிவிட்டது.

கோயிலில் கீபோர்ட் வாசிக்கிறவர் வேலை தேடிக் கொழும்புக்குப் போயிருந்தார். கடையில் உட்கார்ந்து நான் நானாவிடம் இதையெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தபோது, பின்பக்கத்தில் விசைப்பலகைச் சத்தம் நின்றது.

“தங்கச்சி” என்றார் மைனஸ் அண்ணன். “பாட்டு வேகமாப் போனாத்தான் அப்பா மெதுவாத் தெரிவாரு. பாட்டே அவரு வேகத்துக்குப் போச்சுன்னா, அவரு சரியா நடக்கிறதாத்தானே அர்த்தம்?”

எனக்கு அழுகை நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தார். தையற்காரர் அளவெடுப்பதைப் போல அப்பாவின் நடையை அளவெடுத்தார். லயத்து வாசலில் அப்பா முன்னே போக, மைனஸ் அண்ணன் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். பக்கத்து வீட்டுக் காம்பிராக்களிலிருந்து தலைகள் நீண்டன. “என்ன மாமா, புது வைத்தியமா?” என்று யாரோ கேட்க, பல நாளைக்குப் பிறகு அப்பா சிரித்தார்.

பிறகு கடையில் ஒத்திகை. எங்கள் கோயிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய கீர்த்தனை. அதன் வேகத்தை நூற்றுக்கு இத்தனை என்று குறைத்துக் குறைத்துப் பார்த்தார். அப்பாவுக்குப் பதிலாக நடக்க ஓர் ஆள் வேண்டுமே. நானா சிக்கினார். போட்டோகொப்பி மெசினிலிருந்து வாசல் வரைக்கும், வாடிக்கையாளர்கள் ஒதுங்கி நிற்க, கீர்த்தனைக்கு ஏற்றபடி நானா காலை இழுத்து நடந்தார்.

“வலது கால இன்னுங் கொஞ்சம் இழுங்க நானா.”

“யா அல்லாஹ்! கட வெச்சி யாவாரம் பண்ற மனுசன இந்தப் பாடு படுத்துறானே! இனி நான் சும்மா நடந்தாலும் கால் இழுக்கும் போல ஈக்கிது!”

“பேசாம நடங்க. தாளம் தப்புது.”

வேகம் பிடிபட்டதும், “இதைப் பாட்டா மாத்தி பென்டிரைவ்ல குடுத்துடு. ஸ்பீக்கர்ல குத்தினா முடிஞ்சிது” என்றார் நானா. மைனஸ் அண்ணன் சம்மதிக்கவில்லை. “மாத்திட்டா மாத்துனதுதான். அன்னைக்கு அவரு கால் எப்படி இருக்குமோ? கூட இருந்து போடணும்.” ஆகவே கல்யாணத்தன்று கடைக் கம்பியூட்டரே பூனாகலைக்கு வந்தது. வேனின் முன் சீட்டில், பெட்டியைக் கம்பளியில் சுற்றி, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருவதைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வளைவுக்கு வளைவு டிரைவரைத் திட்டினாராம்.

அவர் பயந்ததைப் போலவே ஆயிற்று. அப்பா புதுச் சப்பாத்து போட்டிருந்தார். அது கடித்தது. கோயில் வாசல் படியில் ஏறும்போதே வழக்கத்தைவிட மெதுவாகிவிட்டார். ஜன்னல் வழியாக அதைப் பார்த்த மைனஸ் அண்ணன் பாய்ந்து போய்க் கட்டளையைத் திருத்தியிருக்கிறார். அவசரத்தில் ஓர் எழுத்து மாறிவிட்டது.

போதகர் தலையை ஆட்டினார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் முதல் அடி வைத்தேன். அதே நேரம் ஸ்பீக்கரிலிருந்து ஒரு விசில் வந்தது.

பிறகு டமார் என்று ஒரு தட்டு. பிறகு மாட்டுக் கழுத்து மணி. கைதட்டல். மறுபடியும் விசில். பியானோ வாசிக்க வேண்டிய கீர்த்தனையை மேளக்காரர்கள் கூட்டமாகச் சேர்ந்து போட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பெஞ்சில் ஒரு கைக்குழந்தை மட்டும் அதற்கு ஆடியது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் யாரோ குபீரென்று சிரித்துவிட்டார்கள். சிரிப்பு பெஞ்சுக்குப் பெஞ்சு தாவியது.

அப்பா நின்றுவிட்டார். சிரிப்பு மேளத்துக்குத்தான். ஆனால் அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.  “அப்பா, வாங்க” என்றேன். அவர் அசையவில்லை.

மேளம் சட்டென்று நின்றது. மைனஸ் அண்ணன் வயரையே பிடுங்கிவிட்டிருந்தார்.  கையில் வயரோடு அவர் எழுந்து நின்றார்.  கம்பியூட்டரை ஒரு தடவை பார்த்தார், அப்பாவை ஒரு தடவை பார்த்தார். பிறகு வாயைத் திறந்து பாடத் தொடங்கினார்.

அவர் பாடி அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்காமல் இருந்தது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அப்போதுதான் தெரிந்தது. வெலிமடை ஏற்றத்தில் உருளைக்கிழங்கு லொறி ஏறுவதைப் போல ஒரு குரல். ஆனால் அவர் எங்கேயும் பார்க்கவில்லை, அப்பாவின் காலை மட்டுமே பார்த்தார். வலது கால் இழுபடும் இடத்தில் சொல்லை நீட்டினார். இடது கால் ஊன்றும்போது அடுத்த சொல்லை வைத்தார். அப்பா நின்றிருந்த நேரம் முழுக்க முதல் சொல்லையே நீட்டிக்கொண்டு காத்திருந்தார். மூச்சுத் திணறிக் கழுத்து நரம்பு புடைத்தது.

அப்பா ஓர் அடி வைத்தார்.

கடைசிப் பெஞ்சிலிருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. நானா! சொல் ஒன்றும் தெரியாது. ஆனால் கடையில் அந்த மெட்டுக்கு அத்தனை தடவை நடந்தவர் ஆயிற்றே. “ம்... ம்ம்...” என்று முழங்கினார். பாடகர் குழுப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். அப்புறம் எங்கள் பக்கம், அப்புறம் மாப்பிள்ளை பக்கம். கோயில் முழுக்க ஒரே குரலாக, அவசரமே இல்லாமல், அப்பாவின் நடைக்குப் பாடியது. அப்பா நிமிர்ந்து நடந்தார். என்னை மாப்பிள்ளையின் பக்கத்தில் விட்டபோது, பாட்டில் இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது. அதையும் நின்று பாடி முடித்துவிட்டுத்தான் போய் உட்கார்ந்தார்.

சாப்பாட்டு நேரத்தில் மாமியார் என் காதில், “ஒங்கப்பா என்னா கம்பீரமா நடந்தாரும்மா” என்றார். கண் கலங்கியிருந்தது.

மைனஸ் அண்ணனைப் பந்தியில் காணவில்லை. கோயிலுக்குப் பின்னால், கம்பளி சுற்றிய பெட்டியின் பக்கத்தில் துக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். அப்பாதான் தேடிப் போனார், நானும் கூடப் போனேன்.

“வாங்க தம்பி, சாப்பிட.”

“எத்தனை பர்சன்ட்ல பாடுனேன்னே தெரியலீங்க” என்றார் அவர், தலையைத் தூக்காமல். “ஒரு கணக்கும் இல்லாமப் பாடிட்டேன்.”

அப்பா மெல்ல, காலை நீட்டி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “அது சரியாத்தான் இருந்துச்சு தம்பி” என்றார். “எனக்குத் தெரியாதா?”

 பிறகு இரண்டு பேரும் சாப்பிடப் போனார்கள்.

நான் இப்போது ஹல்துமுல்லையில் இருக்கிறேன். எங்கள் கல்யாண வீடியோவைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் குறைப்படுவார்கள். விசில் சத்தத்தில் திடுக்கிட்ட வீடியோக்காரர் கமராவை ஸ்பீக்கர் பக்கம் திருப்பியவர், பாட்டு முடியும்வரை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை. நானும் அப்பாவும் நடந்து வந்தது அதில் ஒரு துளியும் கிடையாது. மைனஸ் அண்ணன்தான் நிற்கிறார், கழுத்து நரம்பு புடைக்க, யாருடைய காலையோ பார்த்தபடி. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. அன்றைக்கு என் கண் அப்பாவிடமே இருந்ததால், பாடும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று என்னால் பார்க்க முடியவில்லை. இப்போது வேண்டும்போதெல்லாம் பார்த்துக்கொள்கிறேன்.