மாதாவுக்கு நேர்ந்த மந்தாரை

"லூர்து மாதா தேரு நம்ம தெருவத் தாண்டறதுக்குள்ள உன் மரம் ஒரே ஒரு பூவாச்சும் காட்டணும். இல்லாங்காட்டி அன்னிக்கே வெட்டிட்டு அந்த எடத்துல வாஷிங் மெஷின வெச்சிருவேன். சொல்லிட்டேன்!"

பிலோமி தீர்ப்பு வழங்கியபோது யேசுதாஸ் சப்பாத்தியைக் கைமாவில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். தீர்ப்பைக் கேட்டதும் வாய் மூடிக்கொண்டது. கைமா வாசனைக்கு உடனே திறந்துகொண்டது.

"இன்னா பிலோமி, மனசாட்சி வோணாவா? அது பச்சப் புள்ள. மூணு வயசுதான் ஆவுது."

"நம்ம பொண்ணு சாண்ட்ரா மூணு வயசுல மேடையேறி டான்ஸ் ஆடிச்சி. இது இன்னா பண்ணிச்சி? எலயக் கொட்டிச்சி. நான் பெருக்கினேன்."

யேசுதாஸ் அடுத்த சப்பாத்தியைக் கைமாவில் தோய்த்தார். எண்ணூர்த் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் கிரேனில் அவர் ஆபரேட்டர். நாள் முழுக்க உயரத்தில் குந்திக்கொண்டு கறுப்பை அள்ளிக் கறுப்பில் கொட்டுகிற வேலை. வீட்டுக்கு வந்தால் கண்ணுக்கு ஊதா நிறத்தில் எதையாவது பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். ராயபுரத்தில் தோட்டம் போட ஆசைப்பட்டால் போதுமா, இடம் வேண்டாமா? வாசலுக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் நிறுத்துகிற அளவுக்கு மண் இருந்தது. ஸ்கூட்டரைத் தெருவில் நிறுத்திவிட்டு அங்கே மந்தாரைக் கன்றை நட்டு, மாதாவுக்கு நேர்ந்தும் விட்டார்.

கன்று மரமானது. தலைக்கு மேலே தகரக் கூரை நிழல் கட்டியதால், வெயிலைத் தேடி வளைந்து, பக்கத்து வீட்டு ரசூல் பீவியின் மொட்டைமாடி மேல் ஒய்யாரமாகச் சாய்ந்துகொண்டது. எல்லாம் செய்தது. பூக்க மட்டும் இல்லை.

தெருவிலேயே அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்குகிற ஒரே ஜீவன் ரசூல் பீவிதான். கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கி வாங்கி, பயத்தில் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறவள். ஆளைக் குரலை வைத்துத்தான் அடையாளம் சொல்வாள். யேசுதாஸ் காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கினால் அவளுக்கு ஒரு பங்கு போகும். பதிலுக்குக் கைமா வரும். பொங்கல் கழிந்ததிலிருந்து அந்தக் கைமாவில் ஏதோ பிஞ்சுக் காயைச் சேர்த்து அசத்திக்கொண்டிருந்தாள். என்ன காய் என்று யேசுதாஸ் கேட்டதில்லை. சாப்பிடும்போது ஆராய்ச்சி செய்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"தாசு, யாரு இன்னா சொன்னாலும் மரத்துல மட்டும் கை வெக்காத," என்பாள் பீவி மாடியிலிருந்து. "தொழுவசொல்ல டெய்லி அதுக்கும் சேத்துத்தான் துவா கேக்கறேன்."

யேசுதாஸ் மாடியைப் பார்த்துக் கும்பிடுவார். கட்டின பெண்டாட்டிக்கு இல்லாத அக்கறை!

தீர்ப்பு வந்த மறுநாளே வைத்தியமும் வந்துவிட்டது. கொண்டுவந்தவன் மச்சான் நோயல், பிலோமியின் தம்பி. ரயில்வேயில் வேலை. போனில் வீடியோ பார்த்தே விவசாயி ஆனவன். திருவொற்றியூரில் அவன் வீட்டு பால்கனித் தொட்டிகளில் அடீனியம் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும். அதைப் படமெடுத்துக் காலை வணக்கத்தோடு யேசுதாஸுக்கு அனுப்புவதில் அவனுக்கு ஒரு சந்தோஷம்.

"மரத்துக்கு சத்து பத்தல மாமு. மீன் கழிவையும் வெல்லத்தையும் பக்கெட்டுல போட்டு மூடி வை. நல்லா ஊறினப்பறம் ஒரு மூடி எடுத்து ஒரு வாளித் தண்ணில கலந்து ஊத்து. சொம்மா பிச்சிகினு பூக்கும்."

யேசுதாஸுக்கு ஆர்வம் அதிகம், பொறுமை கம்மி. ஊறுகிற வரைக்கும் யார் காத்திருப்பது? மறுநாள் காலையிலேயே பக்கெட்டை அப்படியே மரத்தடியில் கவிழ்த்துவிட்டார்.

அன்று மத்தியானத்துக்குள் ராயபுரத்துப் பூனைகளெல்லாம் மரத்தடியில் மாநாடு கூட்டிவிட்டன. கொடியில் காய்ந்த பிலோமியின் சேலையெல்லாம் மீன் மார்க்கெட் வாசனை. தெருக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார்கள்.

"இன்னா கலீஜ் பண்ணி வெச்சிகிற? மனுசன் குடியிருக்க வோணாம்?" என்று பிலோமி கத்தினாள்.

பீவி மட்டும் குறை சொல்லவில்லை. அந்த வாரம் கிண்ணத்துக்குப் பதிலாகத் தூக்குச்சட்டியிலேயே கைமா அனுப்பினாள். "மரத்துக்கு இன்னாவோ போட்டியாமே தாசு. அத்த நிறுத்தாத," என்று வேறு சொல்லியனுப்பினாள். யேசுதாஸ் உருகிப்போனார்.

ஆனால் மரத்தில் மொட்டு இல்லை.

எதிர்சாரியில் மளிகைக்கடை வைத்திருக்கும் அய்யாத்துரை அண்ணாச்சி அடுத்த யோசனை சொன்னார். அவருக்குத் திருச்செந்தூர்ப் பக்கம்.

"சத்தெல்லாம் இருக்கு, அதுக்கு ரோசம்தாம்லா இல்ல. எங்க ஊருல காய்க்காத மரத்துல பழைய செருப்பையும் வெளக்குமாத்தையும் கட்டித் தொங்க விட்ருவோம். மானம் தாங்காம மறுவாரமே காய்ச்சிரும், பாத்துக்கிடுங்க."

யேசுதாஸ் வீட்டிலிருந்த பழைய செருப்புகளைத் திரட்டினார். போதவில்லை. பிலோமியின் கொஞ்சம் புதிய செருப்பையும் சேர்த்துக்கொண்டார். ஏணி போட்டு ஏறிக் கட்டி முடித்து, இறங்கிவந்து அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் வெள்ளை அங்கி தெரிந்தது. திருவிழாவுக்கு முன் வீடு வீடாகச் சந்திக்க வந்திருந்தார் பங்குச் சாமியார்.

"என்ன யேசுதாஸ், மாதாவுக்கு நேர்ந்துவிட்ட மரம்னு சொன்னீங்களே, அது இதுதானா?"

"ஆமா சாமி," என்றார் யேசுதாஸ் பெருமையாக. அப்புறம்தான் சாமியாரின் பார்வை போன திசையைக் கவனித்தார். மாதாவுக்கு நேர்ந்த மரத்தில் செருப்புகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

"ஐயோ, அது சொம்மா... காயப் போட்டுகிறோம் சாமி! பிலோமிதான் கழுவி..."

"என் செருப்பு!" என்று உள்ளேயிருந்து வந்த பிலோமி அலறினாள்.

யேசுதாஸ் ஒரே தாவில் ஏணியில் ஏறினார். அவசரத்தில் இன்னும் இரண்டு படி மேலே போய்விட்டார். தகரக் கூரையைத் தாண்டித் தலை வெளியே நீண்டது. பீவியின் சுவர் ஓரத்துக் கிளை மூக்குக்கு எதிரில் இருந்தது. அதன் நுனியில், பச்சை உறைக்குள்ளிருந்து ஊதா எட்டிப்பார்க்க, ஒரு மொட்டு!

"சாமீ! மொட்டு! மெய்யாலுமே மொட்டு! மாதாவே! பிலோமி, மொட்டு வுட்டுருச்சிடி!"

அவர் குதித்த குதியில் ஏணி ஆட, சாமியாரே ஓடிவந்து பிடித்துக்கொண்டார். யேசுதாஸின் சந்தோஷம் அவரையும் தொற்றிக்கொண்டது. செருப்பை மறந்துவிட்டார்.

"நல்லதுய்யா. தேர்ப் பவனி அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல தேரை நிறுத்தி, மரத்தை மந்திரிச்சிருவோம். ஜனங்களும் பார்க்கட்டும்."

ஞாயிறு பூசையில் அறிவிப்பே செய்துவிட்டார். யேசுதாஸுக்கு உடம்பு இரண்டு சுற்றுப் பெருத்ததுபோல இருந்தது. பூசை முடிந்ததும் நோயலைத் தோளில் கைபோட்டு வீட்டுக்கு இழுத்துவந்தார்.

"ஏறிப் பாருடா. உன் அடீனியம்லாம் இதுக்கு முன்னால கால் தூசு."

நோயல் ஏறினான். நெடுநேரம் பார்த்தான்.

"இன்னா மாமு, டபாய்க்கிறியா? எல தான் கீது."

யேசுதாஸ் அவனைக் கீழே இறக்கிவிட்டுத் தானே ஏறினார். கிளை இருந்தது. நுனி இருந்தது. மொட்டைக் காணவில்லை. கிள்ளிய இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

"யாரோ பறிச்சிட்டானுங்கடா!"

"மொட்டப் பறிச்சி எவன் மாமு இன்னா பண்ணுவான்? தலைல வெச்சிக்குவானா? கிளி தின்னுருக்கும். வலையப் போட்டு மூடு."

அன்று ராத்திரி யேசுதாஸால் சரியாகச் சாப்பிடக்கூட முடியவில்லை. பீவி அனுப்பிய கைமா இருந்ததால் ஏதோ ஐந்தாறு சப்பாத்தி இறங்கியது.

வலைக்கா பஞ்சம்? காசிமேட்டில் கிழிந்துபோன மீன்வலை ஒன்றை வாங்கிவந்து மறுநாள் காலையில் மரத்தைப் போர்த்தினார். கிளி ஒன்றும் வரவில்லை. மரத்தடியில் மிச்சமிருந்த மீன் வாசனைக்கு ஒரு காக்கா வந்தது. வலையில் மாட்டிக்கொண்டு கத்தியது. அது கத்தியதைக் கேட்டு அதன் சொந்தபந்தமெல்லாம் வந்து சேர்ந்தது. வலையை அவிழ்க்க ஏணியில் ஏறிய யேசுதாஸின் வழுக்கையைத்தான் அவை குற்றவாளியாகத் தீர்மானித்தன. பிலோமியின் குக்கர் பாத்திரத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வலையை அறுத்துக் காக்காவை விடுதலை செய்தார். அதற்கப்புறம் அவர் வேலைக்குப் போகும்போதெல்லாம் தெருமுனை வரைக்கும் காக்காக்கள் வழியனுப்ப வந்தன.

"பேஜாருய்யா உன்னோட," என்றாள் பிலோமி. "தேரு வந்து நின்னா ஜனங்க இன்னாத்தப் பாக்கும்? காக்காவையா?"

இதே கேள்விதான் யேசுதாஸையும் அரித்தது. மரம் போய்விடும். அது போனால், கிரேனிலிருந்து இறங்கிவந்து பார்க்க இந்த உலகத்தில் ஊதா நிறத்தில் என்ன இருக்கிறது? வாஷிங் மெஷின்கூட வெள்ளைதான்.

கடைசியில் அவர் யானைக்கவுனிக்குக் கிளம்பினார். கல்யாண மேடை அலங்காரச் சாமான் விற்கிற கடையில் துணிப் பூக்கள் கிடைக்கும். பூவாக வாங்கினால் ஊர் சந்தேகப்படும், ஒரே நாளில் மரம் பூத்துக் குலுங்காது. மொட்டாக இருந்தால் நம்பும் என்று கணக்குப் போட்டிருந்தார்.

"மெழுகு ஏத்துன துணி சார்," என்றார் கடைக்காரர். "தொட்டுப் பாருங்க. பூக்காரம்மாவே ஏமாந்துருவாங்க."

யேசுதாஸ் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தார். ஏமாந்தார். பை நிறைய வாங்கினார்.

திருவிழா அன்று விடியும்போதே கூரைமேல் ஏறி, வெயில் படுகிற உச்சிக் கிளையெல்லாம் மொட்டுகளைப் பச்சை நூலால் கட்டினார். "மாதாவே, மன்னிச்சிரு. இந்த ஒரு வாட்டிதான். அடுத்த வருசம் நெசப் பூ," என்று சிலுவை போட்டுக்கொண்டு இறங்கினார். தெருவிலிருந்து பார்த்தார். அசல் மந்தாரை! கண்ணில் நீர் வந்துவிட்டது. தான் கட்டியதுதான் என்பதே ஒரு நிமிஷம் மறந்துபோய்விட்டது. அதே உற்சாகத்தில் தேர் ஜோடிக்கக் கோயிலுக்கு ஓடினார். திரும்பி வரும்போது தேரோடுதான் வந்தார்.

சாயங்காலம் தெரு கொள்ளாத கூட்டம். பேண்டு வாத்தியம் முழங்க, சீரியல் பல்பு மினுக்க, லூர்து மாதா அசைந்து வந்தாள். யேசுதாஸ் புது வேட்டியில் தேருக்கு முன்னால் நடந்தார். நடந்தார் என்ன, மிதந்தார். வாசலில் தேர் நின்றது. வாத்தியம் நின்றது. சாமியார் தீர்த்தச் செம்போடு முன்னால் வந்தார்.

"பாருங்க! எல்லாரும் நல்லாப் பாருங்க!" என்று யேசுதாஸ் கையை உயர்த்தினார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவரும் பார்த்தார்.

இலை. வெறும் இலை. ஒரு கிளையில் மட்டும் பச்சை நூல் ஒன்று காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

யாரோ இருமினார்கள். சாமியார் மரத்தையும் யேசுதாஸையும் பார்த்தார். பாவம், நல்ல மனுஷர். மரத்துக்குக் கொஞ்சமும் யேசுதாஸுக்கு நிறையவும் தீர்த்தம் தெளித்து, "அடுத்த வருஷம் பூக்கும்யா," என்று சொல்லிவிட்டுத் தேரை நகர்த்தச் சொன்னார். நோயல் முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்தான்.

தேர் முனை திரும்பியதும் பிலோமி உள்ளே போனாள். வரும்போது கையில் அரிவாள் இருந்தது. அதை நோயலிடம் கொடுத்தாள்.

"சொன்னேன் இல்ல? இன்னியோட முடிஞ்சிது. வெட்டு."

"வேணாம்டா மச்சான்! என்னை வெட்டிட்டு அப்பால இத வெட்டுடா!" யேசுதாஸ் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "துரோகிப் பசங்க! என் மொட்டெல்லாம் எவன்டா எடுத்தான்?"

நோயல் அவரை விலக்கிவிட்டு அரிவாளை ஓங்கினான்.

அப்போது மொட்டைமாடிச் சுவருக்கு மேலே ரசூல் பீவியின் தலை தெரிந்தது. ஒரு கையில் கரண்டி, முகமெல்லாம் அடுப்படி வேர்வை.

"தாசு, கீழதான் கீறியா? பொங்கல்லர்ந்து பறிச்சி ஆக்கறேன், இந்த மாதிரி ஆனதே இல்லப்பா. இன்னிக்குக் காலைல பறிச்ச உன் மரத்து மொட்டு, எவ்ளோ விசிலு வுட்டும் கைமால வேகவே மாட்டேங்குதே!"