வெள்ளை ரோஜாக்காரன்

சாப்பாட்டு மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளர். அதில் ஒரே ஒரு வெள்ளை ரோஜா. லிஃப்ட் மெக்கானிக் அதை முறைத்துக்கொண்டு நின்றான். அவன் வைத்த பூ இல்லை.

"யார் வச்சது இது?"

"நான்தான்." மனைவி டிபன் பாக்ஸை மூடினாள்.

"என்ன விசேஷம்?"

"என் பிறந்தநாள்."

அடிவயிற்றில் லிஃப்ட் கயிறு அறுந்தது. போன வருஷமும் இதே டம்ளரில் ஒரு பூ இருந்தது. பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தத் தண்ணீரில்தான் தலைவலி மாத்திரையை விழுங்கினான்.

"அது சரி, பூ எதுக்கு?"

"ஒருத்தர் வாங்கிட்டு வருவார். அவர் ஞாபகமா."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை அவளுக்கு. ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்கிறவள், வீட்டில் ஒருவனை மட்டும் விட்டுவிட்டாள்.

'வருவார்' என்றாளே! மரியாதையைப் பார்!

மெக்கானிக் வேலைக்குப் போகவில்லை. அவள் கடை இருக்கும் தெருவில் ஒரே ஒரு பூக்கடைதான். அங்கே போய் நின்றான். வண்டியை விட்டு இறங்கினாலும் முகத்தை மூடும் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டான். கழற்றினால் நெற்றி எங்கே முடிகிறது என்று மற்றவர்கள் தேடுவார்கள்.

"வெள்ளை ரோஜான்னா என்னக்கா அர்த்தம்?"

பூக்கடைக்கார அம்மாள் சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினாள். சிவப்பு காதல், மஞ்சள் நட்பு, வெள்ளை நினைவு.

"கண்ணாடிக் கடைப் பொண்ணு ஒண்ணு வருஷா வருஷம் அதுதான் வாங்கும். யாரோ மனசுக்குப் பிடிச்சவராம். பாவம், செத்துப் பத்து வருஷமாச்சாம்."

மெக்கானிக்குக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அப்படியானால் தாலி கட்டிய பிறகும் ஒரு வருஷம் அவன் உயிரோடு இருந்திருக்கிறான்!

"எப்படிச் செத்தானாம்?"

"கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமான்னு மட்டும் சொல்லுச்சு."

அவனுக்குக் காது சுட்டது. உயிரோடு இருப்பவன் என்றால் சட்டையைப் பிடிக்கலாம். செத்தவனை என்ன செய்வது? அவனுக்குத் தொப்பை விழாது, முடி கொட்டாது, குறட்டை வராது. சௌகரியமாகச் செத்துவிட்டு, அடுத்தவன் வீட்டு டம்ளரில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

"சிவப்புல ஒரு பெரிய கொத்து கட்டுங்க!"

கொத்தோடு கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தான். மனைவி ஒரு பெரியவருக்குப் பரிசோதனைக் கண்ணாடிச் சட்டத்தை மாட்டி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். பூவைப் பார்த்ததும் முகம் வெளிறியது.

"என்ன பண்ணித் தொலைச்சீங்க?"

"ஒண்ணும் இல்ல. பிறந்தநாளுக்கு..."

"இத்தனை வருஷமா வராத பிறந்தநாளா? உண்மையைச் சொல்லுங்க. இது யாருக்கு வாங்கினது? அவ வேணாம்னு சொல்லிட்டாளா?"

"சத்தியமா உனக்குத்தான்!"

பெரியவர் சட்டத்தைச் சரிசெய்துகொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். "இந்த லென்ஸ்ல நல்லாத் தெரியுதும்மா. ஆளு ஏதோ தப்பு பண்ணியிருக்காரு."

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கொத்தை அவன் கையிலேயே திணித்து வாசலைக் காட்டினாள்.

சிவப்புதான் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது என்று முடிவுகட்டினான். அதைத் திருப்பிக்கொடுத்துவிட்டு மஞ்சள் கொத்து வாங்கினான். வீட்டுக்கு வந்து வெள்ளை ரோஜாவைக் குப்பைக்கூடையில் எறிந்து, டம்ளருக்குள் மஞ்சளைத் திணித்தான். டம்ளர் கவிழ்ந்து உடைந்தது. சாயந்திரம் அவள் உள்ளே வரும்போது கண்ணாடித் துண்டுகளைச் செருப்புக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தான்.

குப்பைக்கூடையிலிருந்து ரோஜாவை எடுத்தாள். ஒட்டியிருந்த தேயிலைத் தூளைக் கழுவினாள்.

"செத்தவன்மேல இவ்ளோ பாசமா?" என்றான்.

"அவர் போனதுக்குக் காரணமே நீங்கதான். பூவையாவது விட்டு வைங்க."

"நானா? அவன் மூஞ்சியைக்கூட நான் பார்த்ததில்லையே!"

"தெரியும். கண்ணாடி முன்னாடி நின்னாலும் நீங்க தலைமுடியைத்தானே பார்ப்பீங்க." அலமாரியைத் திறந்து பையை எடுத்தாள். "கொஞ்ச நாள் தங்கச்சி வீட்ல இருக்கேன். காலையில கிளம்புறேன்."

பைக்குள் முதல் புடவை விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. கெஞ்சலாம் என்று ஒருகணம் தோன்றியது. ஆனால் ஆம்பிளை மூளை, எதிராளியைப் பற்றி விசாரிக்கத்தான் ஓடியது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான்.

பூக்கடைக்கார அம்மாள் வாளித் தண்ணீரைக் கொட்டிக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அவ என் பொண்டாட்டி. வீட்டை விட்டே போறேங்கறா. அந்தச் செத்தவன் அப்படி என்னதான் பண்ணிக் கிழிச்சான்?"

"அட, நீதான் அவ புருஷனா? பெருசா ஒண்ணும் பண்ணலப்பா. வேலை விட்டு வந்ததும், 'இன்னிக்கு என்ன நடந்துச்சு'ன்னு கேப்பாராம். அவ சொல்லி முடிக்கிற வரைக்கும் உக்காந்து கேப்பாராம்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"வேலைவெட்டி இல்லாத பய! நாள் பூரா லிஃப்ட் குழியில கிடந்து சாகுறவனுக்குக் கதை கேக்க ஏது நேரம்?"

வியர்வை கண்ணில் இறங்கியது. ஆத்திரத்தில் முதல்முறையாக அந்தப் பூக்கடையில் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்து, இடது புருவத்துக்குக் குறுக்கே இருந்த பழைய வெட்டுத் தழும்பைத் தேய்த்தான்.

பூக்கடைக்கார அம்மாள் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். விளக்கடியில் குனிந்து அவன் முகத்தையே பார்த்தாள்.

"தப்பா நினைக்காத தம்பி, செத்துப்போனவரு போட்டோவை அந்தப் பொண்ணு எனக்குக் காட்டியிருக்கு... புருவத்துல இதே வெட்டு, இதே மூக்கு, அந்தச் சிரிப்பு மட்டும்தான் உன்கிட்ட இல்ல!"