வில்பி துரையும் பொன்னுத்துரையும்

‘கொள்கைப் பிடிப்பு’ என்ற சொல்லுக்கு உலக வரலாற்றில் உருவம் கொடுத்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் முந்நூற்று நாற்பது வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்துப் பண்ணையார், நாடாளுமன்ற உறுப்பினர் சர் தாமஸ் வில்பி. மற்றவர் அகரம் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் பொன்னுத்துரை. வில்பியை ஆராய்ந்து எம்.ஃபில். வாங்கிய ஒரே தமிழன் என்ற முறையில் இதைத் தயங்காமல் சொல்வேன்.

மன்னரின் தலையை வெட்டியவர்கள் ஆண்டபோது வில்பி அவர்களோடு இருந்தார். வெட்டுண்டவரின் மகன் முடிசூடத் திரும்பி வருகிறார் என்று தெரிந்ததும் காய்ச்சல் என்று படுத்தார். கப்பல் கரை சேர்ந்த அன்று எழுந்துபோய் முதல் ஆளாக மண்டியிட்டார். பொன்னுத்துரையும் அப்படித்தான். தொண்ணூற்றாறிலும் இரண்டாயிரத்து ஒன்றிலும் வாக்கு எண்ணும் நாளில் நெஞ்சுவலி என்று திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். பிற்பகலில் குணமாகி, வேறு கரை வேட்டியில் வெளியே வந்தார்.

அவருக்கு அறுபது நிறைந்தது. பேரூராட்சித் தேர்தலும் நெருங்கியது. மணிவிழா மலருக்கு வாழ்க்கை வரலாறு வேண்டும் என்று என் வீட்டுக்கே வந்துவிட்டார்.

“வாத்தியாரே, படிச்சா எதிர்க்கட்சிக்காரனுக்கும் கண்ணு கலங்கணும்.”

“இப்ப எதுங்கய்யா எதிர்க்கட்சி?” என்று ஆராய்ச்சியாளனுக்குரிய பணிவோடு கேட்டேன்.

“அதை மட்டும் பொதுவா விட்டுருங்க.”

நாலே நாள் அவகாசம். என் ஆய்வேட்டை எடுத்து, வில்பி இருந்த இடமெல்லாம் பொன்னுத்துரையைக் குடியேற்றினேன். தேம்ஸ் நதி குடகனாறு ஆயிற்று. வேறெதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ‘ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம் பதினோரு ஏக்கரைத் தன் முயற்சியால் வேலியடைத்து வளம்பெறச் செய்தார்’ என்ற வரியை அவர் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். இம்புட்டுச் சரியா எப்படிக் கண்டுபிடிச்சீங்க என்று நெகிழ்ந்து, ‘இதில் உள்ள அத்தனையும் உண்மை’ என்று அடியில் கையெழுத்தும் போட்டார். அப்படியே ஆயிரம் பிரதி அச்சானது.

விழா மைக்கில் நானே வாசித்தேன். ஊரே கைதட்டியது. அதிக நேரம் தட்டியவர் வேலுசாமி. நாற்பது ஆட்டை மேய்க்க இடமில்லாமல், அந்த நிலத்தை மீட்டுத் தரச்சொல்லி ஆறு வருடமாக மனுப்போட்டு, ‘ஆதாரம் இல்லை’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர். நேரே மேடைக்கு வந்தார்.

“சார், ரெண்டு புக்கு குடுங்க. ஒண்ணு கலெக்டருக்கு.”

நோட்டீஸ் வந்ததும் பொன்னுத்துரை என்னிடம் ஓடிவர, அந்த வேலி வரி ஆய்வேட்டில் வில்பியைப் பற்றி எழுதியது என்று ஒப்புக்கொண்டேன். விசாரணையில் தாசில்தார் மலரைப் பிரித்துவைத்து, கையெழுத்தைக் காட்டினார். பொன்னுத்துரை நெஞ்சைப் பிடித்துப் பார்த்தார். வாக்கு எண்ணிக்கை இல்லாத நாள் என்பதால் வலி வரவில்லை.

“வேலி போட்டது நான் இல்லீங்கய்யா. வில்பி.”

“யாருய்யா வில்பி? எந்த ஊரு?”

“எந்த ஊரா இருந்தா என்னங்க?” என்றார் வேலுசாமி. “வேலியைப் பிரிச்சுட்டுப் போகச் சொல்லுங்க.”

வில்பி யார், வேலி யாருடையது என்று சாட்சி சொல்ல நாளைக்கு என்னை வரச்சொல்லியிருக்கிறார்கள். வரலாற்றின் பக்கமே நிற்பேன் என்று வேலுசாமிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

இன்று காலையிலிருந்து எனக்குக் காய்ச்சல். அந்தப் பதினோரு ஏக்கரில் மூன்று சென்ட்டில் என் வீடு இருக்கிறது.