அங்கம்மாவுக்கு ஒதுக்கிய நாற்பது கதிரைகள்

1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தை வென்றவர், 1981இல் றப்பர் மலையில் காலைக் கடித்த விரியனை வென்றவர், 1989 வெள்ளம் லயத்து வரிசை வீடுகளுக்குள் இடுப்பளவு ஏறியபோது ஆட்டுக்குட்டியைத் தோளிலும் அரிசிப்பானையைத் தலையிலும் வைத்துக்கொண்டு மேடேறியவர், யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் றப்பர் மரம் சீவும் பால்வெட்டுக்காரி அங்கம்மா. அவருடைய அண்ணன் பழனியாண்டி இந்த வெற்றிகளை நாள், கிழமையோடு சொல்வார். ஆனால் இவையெல்லாம் சின்னப் பகைகள். அங்கம்மாவை உண்மையிலேயே சாய்க்கப் பார்த்தது ஒரு மனித இனம்.

அந்த இனத்தை உங்களுக்குத் தெரியும். பந்தல் அளப்பவர்கள் என்று பெயர் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு இரண்டு நாள் காய்ச்சல் என்றால் மூன்றாம் நாள் வந்து நிற்பார்கள். கையில் நாலு தோடம்பழம். முகத்தில் சாவு வீட்டு எட்டாம் நாள் துக்கம். உட்காருவதற்கு முன் வாசலை ஒருமுறை கண்ணால் அளப்பார்கள்: எத்தனை பேர் உட்காரலாம், பாடையைத் திருப்ப இடம் இருக்கிறதா, மழை வந்தால் தகரம் எந்தப் பக்கம் சாய வேண்டும். பிறகு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, இதே நோயில் போய்ச்சேர்ந்த ஒருவரின் கதையைத் தொடங்குவார்கள். பிழைத்தவர் ஒருவரைக்கூட அவர்களுக்குத் தெரியாது. எப்படித் தெரியும்? பிழைத்தவர் வீட்டில் யாரும் பந்தல் போடுவதில்லையே.

தோட்டத்து மரண உதவிச் சங்கச் செயலாளர் கிருஷ்ணராஜ் இந்த இனத்தின் தலைமகன். சங்கத்தின் நாற்பது கதிரைகளும் தகரப் பந்தலும் அவர் பொறுப்பு. கெட்டவர் அல்ல. தன் காலத்தில் எந்தச் சாவு வீட்டிலும் யாரும் கதிரையில்லாமல் நின்றதில்லை என்பது அவருடைய ஒரே பெருமை.

1997 ஆடியில் அங்கம்மா கேகாலை ஆஸ்பத்திரிக்குப் போய், மூக்கோரத்தில் இரண்டு வருடமாக ஆறாமலிருந்த மிளகளவுப் புண்ணைக் காட்டினார். தோலில் வரும் புற்றுநோய் என்றார் டாக்டர். கூடப் போயிருந்த பழனியாண்டி அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். டாக்டர் பொறுமையாகச் சிங்களத்தில் விளக்கினார்: இது சாதாரண வகை, காலத்தோடு வெட்டி எடுத்துவிட்டால் இதனால் சாகிறவர்கள் மிகக் குறைவு, மற்றவர்களைப் போல வயதாகித்தான் சாவார்கள், சும்மா விட்டால் மூக்கைத் தின்றுவிடும். வெட்டுவதற்கு நாளும் குறித்துக் கொடுத்தார்.

மறுநாள் வாசலில் செயலாளர்.

"ஏன் தங்கச்சி, கத்தி வைக்கவா போறீங்க?"

"ஆமாங்கண்ணே."

"வேணாம். புத்துல கத்தி பட்டா ஒடம்பெல்லாம் பரவிரும். மேக்கணக்குப் பக்கத்து மாணிக்கம் என்ன ஆனான்?"

"அவரு பலாமரத்துல இருந்து விழுந்துல்ல போனாரு?"

"ஏன் விழுந்தான்? உள்ளுக்குள்ள பரவியிருக்கு."

இப்படிச் சொல்லிவிட்டு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று மைப்பெட்டியைத் திறந்து, சங்கத்தின் வாரிசுப் படிவத்தில் அங்கம்மாவின் பெருவிரலை அமுக்கிவிட்டுப் போனார். தோடம்பழம் நாலும் மேசையில் இருந்தன.

அன்றோடு அங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்றுவிட்டார். மகள் சுகந்தினியின் கல்யாணம்வரை உயிர் கிடந்தால் போதுமாம். பழனியாண்டி கெஞ்சினார், கோபித்தார், மூன்று நாள் பேசாமலும் இருந்து பார்த்தார். அசையவில்லை.

அசைத்தது கதிரை. குறித்த நாளுக்கு நாலு நாள் முன்பு பக்கத்து லயத்து இலட்சுமி வந்தார். மகள் பெரியவளானதற்குச் சடங்கு வைத்திருக்கிறார். சடங்குக்கும் சங்கத்துக் கதிரைகளைக் கொடுப்பது வழக்கம்தான். இந்த முறை செயலாளர் இல்லையென்றுவிட்டார்.

"என்னா காரணமாம்?"

இலட்சுமி முந்தானை நுனியைத் திருகினார். "ஒங்களுக்கு எடுத்து வச்சிருக்காராம் அக்கா."

"எத்தன?"

"நாப்பதும்."

அங்கம்மா அடுப்பில் விறகைத் தள்ளினார். "நான் படுப்பேன்னு, புள்ள சடங்குக்கு வந்தவங்க நிக்கணுமாமா?"

மறுநாள் பால் நிறுக்கும் கொட்டிலில் அத்தனை பேர் முன்னால் செயலாளரைப் பிடித்தார். "அண்ணே, முப்பது வருஷமா ஒரே மரத்துக்குக் கத்தி வைக்கிறேன். செத்துருச்சா? வெட்டின எடத்துல புதுப்பட்டை வளருது. வெட்டத் தெரியாதவன் வெட்டினாத்தான் மரத்துக்குப் புண்ணு. அந்த டாக்டருக்கு வெட்டத் தெரியும். கதிரைய இலட்சுமிக்குக் குடுங்க."

செயலாளர் கொடுத்தார். முப்பத்தாறு. நாலை நிறுத்திக்கொண்டார். இனத்தின் குணம் எங்கே போகும்?

குறித்த நாளில் அந்தப் புண்ணை வெட்டி எடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது. 1999இல் சுகந்தினியின் கல்யாணத்தில் அங்கம்மாதான் முன்வரிசை. 2004இல் நெற்றியில் இன்னொரு புள்ளி வந்தது. சொன்ன தவணைக்குத் தவறாமல் போய்க் காட்டுகிறவர் என்பதால் கடுகளவிலேயே எடுத்துவிட்டார்கள். மூக்கோரத்துத் தழும்பை வெளிச்சத்தில் தேடித்தான் காண வேண்டும். அந்த நாற்பது கதிரைகளில் இருபத்துமூன்றுக்குக் கால் போய்விட்டது. செயலாளர் மட்டும் சித்திரைக்குச் சித்திரை தோடம்பழத்தோடு வந்து, மூக்கை உற்றுப் பார்த்து, "இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாதம் நீங்களும் ஒரு நோயாளியைப் பார்க்கப் போனீர்களே, அவர் நோயின் பெயரைச் சொன்னதும் உங்கள் வாயில் முதலில் வந்தது யாருடைய பெயர்? அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா? இல்லையென்றால், நீங்கள் உட்காருவதற்கு முன் வாசலைப் பார்த்தீர்களா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

அடுத்த முறை அங்கம்மாவின் பெயரைச் சொல்லுங்கள். வெட்டுவதற்குச் சம்மதம் கேட்டு, தாதி படிவத்தோடு மைப்பெட்டியையும் நீட்டியபோது, பெருவிரலை மடக்கிக்கொண்டு, "மை வேணாம் மிஸ், பேனா குடுங்க" என்றவர் அவர். நாலு நாளில் அண்ணன் கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டிப் பழக்கிய ஐந்து எழுத்துகளில் தன் பெயரை எழுதினார். நடுவில் ஒன்று கொஞ்சம் சாய்ந்துவிட்டது. கீழே தேதியைப் பழனியாண்டி எழுதினார்: 1997 ஓகஸ்ட் 14, வியாழக்கிழமை.