கடலைப் பார்த்த குழாய்

மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரைக்கும் எந்தச் சாமியும் 'டெஸ்டிங்' உத்தரவு இல்லாமல் ஊர்வலம் கிளம்பியதில்லை. மனிதர் மைக்செட் கடைக்காரர். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். நான் வேலை பார்த்த உப்பு கம்பெனி ஆபீசுக்கு அடுத்த கடை. என் காது இன்றைக்கு இந்த லட்சணத்தில் இருப்பதற்கு முழுப்பொறுப்பும் அவரே.

மற்ற மைக்செட்காரர்கள் "ஒன், டூ, த்ரீ" என்பார்கள். இவரோ, "ஹலோ, மைக் டெஸ்டிங்! கன்னியம்மா, சோறு ஆக்கிட்டியா? நீ துன்னுடு, நான் வர நேரமாவும்" என்பார். கன்னியம்மா அவர் மனைவி. வீடு அனுமந்தைக் கடற்கரையில். விசேஷம் எந்த ஊரில் நடந்தாலும் ஒரு குழாய் ஸ்பீக்கர் மட்டும் அனுமந்தையைப் பார்த்துத்தான் கட்டப்படும். அவ்வளவு தூரம் எப்படிக் கேட்கும் என்றால், "அவளுக்குக் கேக்கும் சார். உங்களுக்கு ஏன் எரியுது?" என்பார். அந்த அம்மாளோ புருஷன் வராமல் ஒரு பருக்கை தொட மாட்டாள். இவரும் சொல்வதை விடவில்லை, அவளும் காத்திருப்பதை விடவில்லை.

கோட்டக்குப்பத்தில் ஒரு நிக்காஹ். நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஜ்ரத் மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்கிறார். பந்தலே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளை வாயைத் திறந்த நேரம் பார்த்து, "கன்னியம்மா, சோறு ஆக்கிட்டியா?" என்று குழாய் அலறியது. துபாயிலிருந்து வந்திருந்த பெண்ணின் மாமா துள்ளி எழுந்து மாப்பிள்ளை சட்டையைப் பிடித்துவிட்டார். "யா அல்லாஹ்! யார்றா அந்தக் கன்னியம்மா?"

குழாயிலேயே பதில் வந்தது. "என் பொண்டாட்டிதாங்க பாய். நீங்க நடத்துங்க."

இரண்டாயிரத்து நான்கு, டிசம்பர், ஞாயிற்றுக்கிழமை காலை. டெஸ்டிங் மரக்காணத்துக் கோயிலில் மார்கழிப் பாட்டு போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கும் கன்னியம்மாவைச் சாப்பிடச் சொன்னார். அலை வந்து வீட்டையும் அவளையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது. வீட்டின் ஓலை கிடைத்தது. அவள் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு மனிதர் வாயைத் திறக்கவே இல்லை. மைக்கை விரலால் தட்டிப் பார்ப்பதோடு சரி. காரியம் பண்ணலாம் என்று சொன்னால் தலையை ஆட்டி மறுத்துவிடுவார். இலையில் உட்காருவார், சோற்றைப் பிசைவார், ஒரு வாயோடு எழுந்துவிடுவார். கன்னியம்மாவின் தம்பி முருகன் என்னிடம் வந்து அழுதான். "மாமா ஒரு வேள கூட வயிறாரத் துன்றது இல்ல சார். இப்டியே வுட்டா அக்கா பின்னாடியே போயிடுவாரு. ஒரு தபா அழுதுட்டாருன்னாகூட தேவலாம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. கடல்மேல் கோபம், அவர்மேலும் கோபம். ஊர்க் காதே கிழியக் கத்தின மனுஷன் இப்படியா ஊமையாக உட்காருவது?

நாலைந்து மாதம் கழித்து, அலையில் அடிபட்ட ஜனங்களுக்காக என்று சொல்லி, புதுச்சேரிப் பக்கமிருந்து ஒரு கச்சேரி எங்கள் உப்பளக் களத்துக்கு வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு பெரியவர். பெரிய சுரைக்குடுக்கையில் தோல் கட்டி, கம்பி இழுத்த வாத்தியம் வைத்திருந்தார். கிரேக்கத் தீவு ஒன்றிலிருந்து கறுப்பு உடுத்திய ஓர் அம்மாள். முழங்கால்மேல் நிறுத்தி வில்லால் இழுக்கிற சின்ன வாத்தியம் அவளுக்கு. இரண்டு ஊர்ப் பாட்டையும் கலந்து பாடுவார்களாம். "குத்துப்பாட்டு உண்டாங்க?" என்று ஒருத்தன் விசாரித்தான்.

மைக்செட், நம் டெஸ்டிங். வழக்கம்போல ஒரு குழாயைத் திருப்பிக் கட்டினார். இந்த முறை அது நேரே கடலைப் பார்த்தது.

கச்சேரி நடத்த வந்தவர் குதித்தார். "ஏம்பா, ஜனம் இந்தப் பக்கம் உக்காந்திருக்குது! அங்க யார் இருக்கா?"

டெஸ்டிங் குழாயின் கட்டுக்கம்பியை இன்னும் இறுக்கினார். நான்தான், "அது அப்படியே இருக்கட்டும் சார், கரண்ட் உங்க அப்பன் வீட்டுதா?" என்று எரிந்து விழுந்தேன்.

கறுப்பு உடுத்திய அம்மாள் பாடத் தொடங்கினாள். எங்கள் உப்பளத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இது சாவுப் பாட்டுடி. மூச்சு வாங்குற எடத்தப் பாரு" என்றாள் ஒருத்தி. குடுக்கைக்காரர் மெதுவாகக் கம்பிகளை மீட்டி அவளோடு சேர்ந்துகொண்டார். பிறகு ஏதோ சொன்னார். கூட வந்த பெண் தமிழில் சொன்னாள்: "இவங்க ஊர்ல பேரச் சொல்லித்தான் பாடுவாங்களாம். உங்கள வுட்டுப் போனவங்க பேரச் சொல்லுங்க, பாட்டுல சேத்துக்குவாரு."

மைக்கை எடுத்துக்கொண்டு டெஸ்டிங்தான் கூட்டத்துக்குள் போனார். வேலு. தனலட்சுமி. பாப்பா, பேர் வைக்கலை. ஒவ்வொரு பெயரையும் அந்தப் பெரியவர் நாக்கைச் சுழற்றிப் பாடினார். அந்த அம்மாள் வில்லை இழுத்து அழுதாள். களமே அழுதது. எல்லாரும் சொல்லி முடித்ததும் மைக் மறுபடி டெஸ்டிங்கின் கைக்கே வந்தது. முருகன் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

டெஸ்டிங் கடல் பக்கம் திரும்பினார்.

"கன்னியம்மா..." குழாய் கரகரத்தது. "நான் துன்னுட்டேன். நீ காத்துக்கினு இருக்காத."

பச்சைப் பொய். ஊருக்கே தெரியும். மைக்கை முருகனிடம் கொடுத்துவிட்டு உப்புத் தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார். குடுக்கைக்காரர் கன்னியம்மா பெயரை மட்டும் நிறுத்தாமல் பாடிக்கொண்டே இருந்தார். பாட்டு முடிந்ததும் முருகன் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்தான். பொய்யை மெய்யாக்குகிறவர் மாதிரி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டார்.

இப்போதும் ஏதாவது பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது எவனாவது "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றால், நான் இலையில் கை வைப்பதில்லை. கன்னியம்மா சாப்பிட்டிருப்பாளா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் பிசைகிறேன்.