மீன்கள் மேல் வாழ்நாள் ஆர்வம்

அன்புள்ள மைத்துனனுக்கு உன் அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே என்னைத் தவிர யாவரும் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவரை மாட்டிவிட்டவர்களுக்கு ஒரு குறையும் வருவதில்லை.

ஓய்வுபெற்ற மறுவாரமே சமையலறை டப்பாக்களை நான் அகரவரிசையில் அடுக்கிவைத்ததும், "இந்த மாசத்துக்குள்ள நீங்க எங்கயாவது வேலைக்குப் போகலைன்னா நான் தம்பி வீட்டுக்குப் போயிடுவேன்" என்று உன் அக்கா சொன்னதும் உனக்குத் தெரியும். அந்தப் பயத்தில்தான் நீ ஓடி வந்து வண்ணமீன் கடை வேலைக்கு எனக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாய். "மீன் மேல லைஃப்லாங் இன்ட்ரஸ்ட்னு போடுங்க அத்தான். இங்கிலீஷ்ல எல்லாரும் போடுறதுதான், யாரும் கேக்க மாட்டாங்க" என்றாய். கடைக்காரர் அதை மட்டும்தான் கேட்டார்.

"எத்தனை வயசுலேருந்து சார்?" ஏழு என்றேன். "முதல்ல என்ன மீன்?" வாய் முந்திக்கொண்டு "பொரிச்ச மீன்" என்றது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஒரு கண்ணாடித் தொட்டியையும் ஆறு மீன்களையும் என் தலையில் கட்டி, ஐந்து நாள் வீட்டில் வைத்துக் காப்பாற்றினால் வேலை உறுதி என்றார். பசிக்குமே என்று நான் தீனி டப்பாவில் பாதியைக் கொட்ட, தண்ணீர் கலங்க, அதை மாற்றப் போக, கறுப்பு மீன் துள்ளி என் செருப்புக்குள் விழ, உன் அக்கா ஓடி வந்து கரண்டியால் அள்ளித் தொட்டியில் விட்டாள். "உசிருன்னா உங்களுக்கு விளையாட்டா? தள்ளிப் போங்க!" அன்றிலிருந்து எனக்குத் தொட்டிப் பக்கம் அனுமதி இல்லை. தொட்டி மேசையில் இருப்பதால் மேசைப் பக்கமும் இல்லை. இதை ஜன்னல் விளிம்பில் வைத்து எழுதுகிறேன்.

நாளை கடைக்காரர் வருகிறார். மீனும் தெரியாது, ஆர்வமும் கிடையாது என்று உண்மையைப் போட்டு உடைத்துவிடப் போகிறேன். வேலை கிடைக்காது. ஆகவே உன் வீட்டில் அக்காவுக்கு ஓர் அறை ஒழித்து வை. அவளை அனுப்ப எனக்குத் துளியும் மனசில்லை. இதை அவளிடம் சொல்லிவிடாதே.

செய்ததையெல்லாம் மன்னித்தேன். மனைவி மக்களோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: இதைத் தபாலில் போட மூன்று நாள் பிந்திவிட்டது. நான் வாய் திறக்கும் முன்பே கடைக்காரர் ஆறு மீன்களையும் எண்ணிப் பார்த்து, "யாரு பாத்துக்கிட்டது?" என்றார். உன் அக்காவைக் காட்டினேன். "உங்களுக்கு எத்தனை வருஷமா ஆர்வம்மா?" என்று கேட்டார். "வருஷமா? திங்கக்கிழமைலேருந்துதான்" என்றாள். மறுநாளே அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டார். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை இந்த வீட்டில் என்னைத் திட்ட ஒரு நாதியில்லை. மேலே சொன்ன அறையை எப்படியும் ஒழித்து வை. வரப்போவது நான்.